பையனுக்கு 11 வயது, இன்ஸ்டாவில் 37

வில்லிவாக்கம் மொபைல் கடை:
செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு போன் வாங்கிக் கொடுத்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏதாவது லாக் போட்டுக் குடுங்க தம்பி."

சமீபத்தில் ஒரு அம்மா ஆறாவது படிக்கும் பையனுடன் வந்தார். இன்ஸ்டாகிராமில் யார் யாரோ அவனுக்கு மெசேஜ் அனுப்புகிறார்களாம். வாங்கிப் பார்த்தேன். போனில் இருந்தது அப்பாவின் கூகுள் கணக்கு. இன்ஸ்டாவில் பிறந்த வருஷம் 1988. "அது கேட்டுச்சு, அவங்க அப்பா ஏதோ போட்டாரு" என்றார். 13 வயதுக்குள் அங்கே கணக்கே தொடங்கக் கூடாது என்பது அவருக்குப் புதுச் செய்தி. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் புதிதாகக் கணக்கு தொடங்கினால், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாதபடி இன்ஸ்டாவே தடுத்துவிடும். ஆனால் 1988இல் பிறந்த ஆளுக்கு அதெல்லாம் எதற்கு?

அந்தக் கணக்கை நீக்கினோம். அப்புறம் உண்மையான வயதைப் போட்டு அவனுக்கென்று ஒரு கூகுள் கணக்கு தொடங்கி, ஃபேமிலி லிங்க் (பிள்ளைகள் போனைப் பெற்றோர் கவனிக்க கூகுள் தரும் ஆப்) மூலம் அம்மா போனோடு இணைத்துக் கொடுத்தேன். இனி அவன் எந்த ஆப்பை இறக்கினாலும் அவரிடம் அனுமதி கேட்கும். இது சின்ன வேலைதான். அனுமதி கேட்டு வரும்போது என்ன ஏது என்று பார்க்காமல் 'சரி'யை அழுத்திவிடும் பெற்றோருக்கு மட்டும் என்னிடம் லாக் இல்லை.

மடிப்பாக்கம் அம்மா:
லாக் எல்லாம் சரியாகவே இருந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் நாத்தனார் பெண், ஒன்பதாவது படிக்கிறாள். அவள் போட்டோவை எவனோ மார்ஃபிங் செய்து மிரட்டியிருக்கிறான். விஷயம் தெரிந்ததும் அவள் அப்பா முதலில் செய்தது, அவளை அடித்தது. அடுத்து ஆத்திரத்தில் சாட் மொத்தத்தையும் அழித்தது. சைபர் கிரைமில் புகார் கொடுக்கப் போனால் ஸ்கிரீன்ஷாட், அவனுடைய ஐடி என்று கேட்டார்கள். கையில் ஒன்றுமே இல்லை.

அவள் பல நாளாகத் தோழியிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள். வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பிள்ளைகளே நேரடியாகப் பேசலாம் என்பது வீட்டில் யாருக்கும், எனக்கும்கூட, தெரியாது.

அழித்த சாட்டை யாராவது மீட்டிருக்கிறீர்களா? கடைக்காரத் தம்பி, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.