லாக்ஸ்டன் 1635 வரைபடம்: வேலியில்லாத வயலில் எதை நிலைப்புள்ளியாக எடுப்பது?

நண்பர்களே, இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்தின் பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த முயன்று நடுவழியில் நிற்கிறேன்.

நில அளவையாளர் மார்க் பியர்ஸ் 1635இல் வரைந்தது அது. மூலப்படி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வயல்களின் ஒவ்வொரு நிலத் துண்டும் தனித்தனியே கோடிட்டிருக்கிறது. ஏர் உழுபவர்களையும் வேட்டைக்காரர்களையும்கூட வரைந்திருக்கிறார். பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்ற மூன்று திறந்த வயல்களிலும் (வேலியில்லாமல், பல உழவர்களின் துண்டுகளாகப் பிரிந்த பெரிய வயல்கள்) சுழற்சி முறைச் சாகுபடி இன்றும் நடக்கிறது. வயல் வழக்குகளை விசாரிக்கும் ஊர் மன்றமும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் இந்த வேலையை விட மனமில்லை.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தேவாலயம், கோட்டை மேடு, தெருச் சந்திப்புகள் ஆகியவற்றை நிலைப்புள்ளிகளாக, அதாவது இரு வரைபடங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகளாக வைத்தேன். ஊருக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. வயலுக்குள் போகப் போகக் கோடுகள் விலகுகின்றன. மில் வயலில் விலகல் மிக அதிகம். பழைய படத்தை நீட்டி வளைத்துப் பொருத்தும் உருமாற்ற முறைகளை மாற்றிப் பார்த்தேன், பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடத்தை இடையில் வைத்துப் பார்த்தேன், அரசு இலவசமாகத் தரும் லைடார் தரவையும் (லேசரால் அளந்த நில மேடுபள்ள விவரம்) போட்டுப் பார்த்தேன். பலனில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கிவிட்டதால் பழைய எல்லைகளை இன்றைய நிலத்தில் தேடவும் வழியில்லை.

மிஞ்சியிருப்பவை, ‘சைக்’ என்று அங்கே அழைக்கப்படும், உழவு படாத ஈரமான புல் பள்ளங்கள்தான். அவற்றின் ஓரங்களை நிலைப்புள்ளிகளாக நம்பலாமா?