பின்தெரு வாசல்ல வந்துபோனவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கானாடுகாத்தான் பக்கம்:
போன தை மாசம் நடந்தது, இன்னும் மனசு ஆறலை. எங்க அம்மா 22 வருஷம் ஒரு பெரிய வீட்டுல பின்கட்டு வேலை. செட்டிநாட்டு வீடு, முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, உங்களுக்கே தெரியும். பின்தெரு வாசல்லதான் போக, வர. நான் படிச்சு இன்ஜினியராகி கோயம்புத்தூர்ல இருக்கேன். அதே மாதிரி ஒரு வீட்டை ஓட்டலா மாத்தியிருக்காங்கன்னு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். முகப்பு வழியாத்தான் நுழைஞ்சோம். சாப்பிட்டு எழுந்ததும் அம்மா தன் இலையை எடுத்தாங்க. அப்படியே குனிஞ்சு, பக்கத்துல யாரோ ஒருத்தர் சாப்பிட்டுப் போன இலையையும் மடிச்சு எடுத்துட்டாங்க. பரிமாறுற பையன் ஓடி வந்து "வேணாம்மா, வைங்க"ன்னான். கையில ரெண்டு எச்சில் இலையோட அம்மா என்னையே பார்த்தாங்க.

தேவகோட்டை:
படிச்சதும் கஷ்டமாப் போச்சு. ஆனா வீட்டை வச்சு ஆளை எடை போடாதீங்க. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப எங்க ஐயா ரங்கூன் கடையை அப்படியே விட்டுட்டு வந்தாக. மிஞ்சினது வீடு ஒண்ணுதான், அதுல இப்ப 19 புள்ளிக்கு, அதாவது கல்யாணமான 19 குடும்பத்துக்குப் பங்கு. ஓடு மாத்த யார் காசு போடுறதுன்னு வருஷா வருஷம் சண்டை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில எங்க அப்பத்தா பேரு வெட்டின பித்தளைத் தவலையைப் பார்த்தேன். எந்தப் பங்காளி வித்தாகளோ. விலை கேட்டேன், கட்டலை, வந்துட்டேன்.

ஆத்தங்குடி:
தேவகோட்டை அண்ணே, ரெண்டும் ஒண்ணில்லை. கடை போனாலும் உங்க செட்டியார் ஆளுகளுக்கு வட்டிக்கடையில எடுபிடியா, பெட்டியடிப் பையனாச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்தாளா ஏறி, கடையையே நடத்துற ஏஜெண்டா ஆகுற வழி தெரியும். அதுல எங்க ஆளுக கால் வைக்க முடிஞ்சதா? எங்கப்பா கண்ணாடி மேல கலர் ஊத்தி ஆத்தங்குடித் தரைக்கல்லு போடுறவரு. சிமெண்ட்ல கைரேகை தேஞ்சு போச்சு. ரேஷன் கடை மிஷின் விரலை எடுக்க மாட்டேங்குது. பின்னாடி வரிசையே நிக்குது, அவரு வேட்டியில விரலைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறாரு. எனக்கு அழுகையா வந்துச்சு.

கோட்டையூர்:
ஆத்தங்குடித் தம்பி, வழியைத் திறந்துவிட்டவரும் இங்கதான் இருந்தாரு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947ல காரைக்குடியில காலேஜ் ஆரம்பிச்சாரு. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்தாரு. கொத்தனார் பொண்ணு நான் அந்த வளாகத்துலதான் படிச்சேன். என் கதை அவ்வளவுதான். பிள்ளைங்க வச்சிருக்கவங்க இதைக் கேளுங்க: வீட்டுல யாரும் பட்டம் வாங்கலைன்னா முதல் பட்டதாரிச் சான்றிதழை கவுன்சிலிங்குக்கு முன்னாடியே வாங்கி வைங்க, கடைசி நேரத்துல அலையாதீங்க. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா மருத்துவத்துல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, 2020லேர்ந்து இருக்கு. நடுவுல ரெண்டு வருஷம் தனியார் பள்ளிக்கு மாத்திட்டுப் பின்னாடி வருத்தப்படாதீங்க. அரசுப் பள்ளியிலயே படிச்ச பொண்ணு காலேஜ் சேர்ந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா, பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். பேங்க் கணக்கு பிள்ளை பேர்லயே இருக்கணும்.

கானாடுகாத்தான் பக்கம்:
எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். இலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. தேவகோட்டைக்காரவுகளுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க: தவலையைப் புளி போட்டுத் தேய்ச்சாத்தான் வெட்டின பேரு தெளிவாத் தெரியுமாம். வித்துப்போகிறதுக்குள்ள போய் வாங்கிருங்கன்னாங்க.