நீதிமன்றத்துக்கு வெளிநாட்டுக் காசு வருது, வழக்குத் தவணை மட்டும் ஏன் குறையேல்லை?

தென்மராட்சிக்காரி:
அப்பா 2008இல போட்ட பங்கு பிரிப்பு வழக்கு. அஞ்சு பரப்புக் காணி, ஏழு பங்காளர். அப்பா செத்துப் போனார், பிறகு இன்னும் இரண்டு பேர். ஒவ்வொருத்தருக்கும் பதிலாள் போட்டுப் போட்டே வருசங்கள் போச்சு. மாவட்ட நீதிமன்றத்திலயும் மேன்முறையீட்டிலயும் தீர்ப்பு எங்கட பக்கம். இப்ப மற்றப் பகுதி கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கினம். காணி உறுதி, சாட்சியம் எல்லாத்தையும் இங்கிலீசில குடுக்க வேணுமாம். மொழிபெயர்ப்பாளர் பக்கக் கணக்கில காசு கேக்கிறார்.

பிரதி எடுக்கப் பதிவாளர் கந்தோருக்குப் போனன். புதுக் கணினிகள், ஒவ்வொண்டிலயும் 'நன்கொடை' எண்டு ஸ்டிக்கர். போட்டோ கொப்பி மெஷினும் புதுசு. தாள் இல்லை எண்டிச்சினம். கடைக்குப் போய் ஒரு றீம் வாங்கி வந்து குடுத்தன். நீதித்துறையைத் திருத்த எண்டு வாற காசு எங்க போகுது? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பழைய முதலியார்:
தங்கச்சி, நான் 31 வருசம் நீதிமன்ற மொழிபெயர்ப்பு முதலியாரா இருந்தனான். நீங்கள் வாங்கின தாளிலயே உங்கட கேள்விக்குப் பதில் இருக்கு.

2000ஆம் ஆண்டு உலக வங்கி இலங்கையின்ர சட்ட, நீதித்துறைச் சீர்திருத்தத்துக்கு 1 கோடியே 82 லட்சம் டொலர் தந்தது. அது கடன், நன்கொடை இல்லை. பிறகு ஐரோப்பிய ஒன்றியக் காசில, ஐ.நா. அமைப்புகளான யுஎன்டிபியும் யுனிசெஃபும் நீதி அமைச்சோட சேர்ந்து 'ஜூர்' எண்ட நீதித்துறை உதவித் திட்டத்தைத் தொடங்கிச்சினம். எனக்கு இதில கோபம் இல்லை. கணினியும் பயிற்சியும் தேவைதான். ஆனால் திட்டக் காசு ஒருக்கா வாங்கிற சாமானுக்கு வரும். மாதாமாதம் குடுக்கிற சம்பளத்துக்கும் தாளுக்கும் அனேகமா வராது. அது எங்கட அரசாங்கம் போட வேண்டிய காசு.

ஒண்டு சொல்லுறன். தெற்கில ஒரு நீதவான் நீதிமன்றத்துக்கு வேற அலுவலாப் போயிருந்தன். மலையகத்து அம்மா ஒராள், கையில ஷொப்பிங் பை, அதுக்குள்ள மகன்ட பிறப்புச் சான்றிதழ். மகன் விளக்கமறியலில. இரவு பஸ்ஸில வந்தவ. பொலிஸ் அறிக்கை சிங்களத்தில, அவவுக்குத் தமிழ் மட்டும்தான். அண்டைக்குத் தமிழ் முதலியார் இல்லை. இன்னொரு 14 நாள் எண்டு எழுதப் போச்சினம். நான் எழும்பி, அனுமதி தந்தால் மொழிபெயர்க்கிறன் எண்டு கேட்டன். சத்தியம் எடுத்து நாலு நிமிஷம் கதைச்சன். பெடியனுக்குப் பிணை கிடைச்சிது. அந்த அம்மா என்ர கையைப் பிடிச்சதை இப்பவும் மறக்கேல்லை.

நீதிமன்ற மொழி தெரியாதவருக்குச் சிங்களத்திலயோ தமிழிலயோ மொழிபெயர்ப்பை அரசு குடுக்க வேணும் எண்டு அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்லுது. சட்டம் இருக்கு. கதிரையில ஆள்தான் இல்லை.

கறுப்புக் கோட்டு:
ஐயா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனா வெளிநாட்டு உதவி நல்லா வேலை செய்த இடமும் இருக்கு. மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால வந்தவை. பயிற்சிக்கு ஆசியா ஃபவுண்டேஷன் கனகாலம் கைகுடுத்தது. ஆனா அந்தச் சபைகளில இருக்கிறது ஊர்ப் பெரியாக்கள். சனி, ஞாயிறில பள்ளிக்கூட வாங்கில இருந்து, ஊர்ப் பாஷையில கதைச்சுத் தீர்க்கினம். சட்டத்தரணியும் தேவையில்லை. சின்னக் கடன், வேலிச் சண்டை எல்லாம் அங்க முடியுது.

கிழக்குத் தீமோரைப் பாருங்கோ. ஐ.நா. வந்து நீதிமன்றத்தையே புதுசாக் கட்டினது. சட்டம் போர்த்துக்கேயத்தில, சனம் கதைக்கிறது தேதும். 2005 ஜனவரியில வந்த தகுதித் தேர்வு முடிவில உள்ளூர் நீதிபதிகள் எல்லாரும் பெயில். வெளிநாட்டு நீதிபதிகள்தான் வழக்குக் கேட்டினம். 2014 ஒக்ரோபரில பாராளுமன்றம் அந்த வெளிநாட்டு நீதிபதிகளைப் போகச் சொல்லிப்போட்டுது. அவை பாதியில விட்ட வழக்குகளின்ர சாட்சிகளை நினைச்சுப் பாருங்கோ.

அதால முதலியார்மார்ட சம்பளத்தை வெளிநாட்டுக் காசில வைக்கவே கூடாது எண்டிறன். 2025 ஜனவரி 20ஆம் திகதி வாஷிங்டனில ஒரு கையெழுத்தோட அமெரிக்காவின்ர வெளிநாட்டு அபிவிருத்தி உதவி 90 நாளுக்கு எண்டு நிண்டதைப் பார்த்தம்தானே. வழக்கு 90 நாள் நிக்க ஏலாது. அந்தப் பதவிகள் அரச ஆளணியில வரவேணும், வரவு செலவுத் திட்டத்தில காசு ஒதுக்க வேணும். இதைச் சட்டத்தரணிகள் சங்கங்கள் கேக்க வேணும், நாங்கள் போதுமான அளவு கேக்கேல்லை.

அக்கா, 24ஆம் உறுப்புரை இங்கிலீசு மொழிபெயர்ப்பை நேரடியாச் சொல்லேல்லை, எண்டாலும் அதைக் காட்டி, மொழிபெயர்ப்பை அரசு தர ஏலுமோ எண்டு உங்கட சட்டத்தரணியை எழுத்தில கேக்கச் சொல்லுங்கோ. ஒரு பிரதியை நீதி அமைச்சுக்கும் அனுப்புங்கோ.

தென்மராட்சிக்காரி:
நன்றி தம்பி, நன்றி ஐயா. 24ஆம் உறுப்புரையைப் பற்றி இத்தனை வருசத்தில ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. அடுத்த தவணைக்கு மூண்டு கிழமை இருக்கு. நாளைக்கே சட்டத்தரணியிட்டப் போறன். ஐயா, கடிதத்தைத் தமிழில எழுதி இங்க போட்டால் ஒருக்காப் பார்த்துச் சொல்லுவியளோ?

பழைய முதலியார்:
போடுங்கோ பிள்ளை. சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் நான் எழுதித் தாறன். காசு ஒண்டும் வேண்டாம்.