புதுப்பிப்பு: டேஞ்சரின் ட்ரீமைத் தாண்டி

ஜெர்மன் மின்னணு இசைக்குழு டேஞ்சரின் ட்ரீம், அதன் முன்னாள் உறுப்பினர் கிளவுஸ் ஷுல்ட்ஸே ரெண்டும் கேட்டாச்சு, அதிகம் பேசப்படாத 70களின் ஐரோப்பிய சிந்த் இசை (சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் வாசிப்பது) சொல்லுங்கன்னு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி!

என்னைக் கட்டிப்போட்டவர் பிரான்ஸின் ஸனோவ். 1976இல் வந்த ‘கிரீன் ரே’ ஆல்பத்தை ராத்திரி ஹெட்ஃபோனில் கேளுங்க. அவர் வாசித்த வி.சி.எஸ்.3 சிந்தசைசரில் உள்பகுதிகளை இணைக்க வயர் கிடையாது. 16க்கு 16 துளைப் பலகையில் குட்டிக் குட்டி ஊசிகளைச் செருகித்தான் ஒலியின் பாதையையே அமைக்கணும். ஊசி இடம் மாறினால் ஒலியும் மாறிடும். அந்த உயிர்ப்பு இசையில் அப்படியே தெரியுது.

இத்தாலியின் பாஃபோ பான்ஃபியும் பிடிச்சிருந்தது, நல்ல மெலடி. ஜெர்மனியின் ராபர்ட் ஷ்ரோடர் 1979இல் தந்த ‘ஹார்மோனிக் அசெண்டன்ட்’ ஆல்பத்தில் சிந்தோடு செல்லோ (பெரிய வயலின் மாதிரிக் கருவி) சேரும் இடம் அபாரம், ஷுல்ட்ஸேயின் சொந்த லேபிள் வெளியிட்டது.

அடுத்து பிரான்ஸின் ஹெல்டன் இசைக்குழு. எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?