பாவித்த லப்டொப் வாங்கி லினக்ஸ் போடுவது பற்றி எங்கள் தொடர்மாடிக் குழுவில்

(வெள்ளவத்தை, தொடர்மாடிக் குடியிருப்பாளர் குழு)

வியாழன் மாலை

சுகந்தி, 2ஆம் மாடி: எல்லாருக்கும் வணக்கம். கவினுக்கு ஒரு லப்டொப் தேடுகிறேன். உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கிறான், ரியூசன் சேர் பைத்தன் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறாராம், என்னுடைய போனில் எவ்வளவுதான் செய்வது? புதுசு விசாரித்தால் தலை சுற்றுகிறது. 80,000 ரூபாவுக்குள் பாவித்தது எடுக்கலாமா? பிரணவன் தம்பி, நீங்கள் விண்டோஸ் இல்லாமல் வேறு ஏதோ பாவிக்கிறீர்கள் என்று இவன் சொல்கிறான். அது இலவசமாமே?

பிரணவன், 5ஆம் மாடி: லினக்ஸ் அக்கா. ஓம், காசு கட்டத் தேவையில்லை. விண்டோஸ் மாதிரி லப்டொப்பை இயக்குகிற மென்பொருள், அதில் பல வகை உண்டு, நான் போட்டிருப்பது லினக்ஸ் மின்ட். கவின் கேம் விளையாடவா கேட்கிறார், படிக்கவா?

சுகந்தி: படிக்கத்தான் என்கிறான். நம்பித்தான் ஆக வேண்டும்.

பிரணவன்: அப்படியென்றால் புதுசு பக்கம் போகவே வேண்டாம். 2024 ஜனவரியில் வற் 18 வீதமாகிய பிறகு குறைந்த விலைப் புது லப்டொப் என்று கடையில் அடுக்கியிருப்பதை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் செலரோன் புரோசசர், 4 ஜிபி ரேம், அதுவும் போர்டில் ஒட்டியது, சேமிப்புக்கு 64 ஜிபி இஎம்எம்சி, அது எஸ்எஸ்டியை விட மெதுவானது. பின்னால் எதையும் கூட்ட முடியாது, பெட்டி மட்டும்தான் புதுசு. அதே காசுக்கு வெளிநாட்டுக் கம்பனிகள் சில வருடம் பாவித்துவிட்டுக் கழித்த லப்டொப்கள் வருகின்றன. லெனோவோ திங்பேட் டி வரிசை, டெல் லட்டிடியூட், எச்பி எலைட்புக். கம்பனி ஆட்கள் அடித்துப் பாவிக்கவென்றே செய்தவை, கழற்றுவது சுகம், உதிரிப் பாகமும் கிடைக்கும்.

ஃபர்ஹானா, 4ஆம் மாடி: சுகந்தி அக்கா, எதை எடுத்தாலும் இன்டெல் புரோசசரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எடுக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். எங்கள் ஒஃபிஸிலும் பழையதையெல்லாம் அதனால்தான் கழித்தார்கள்.

பிரணவன்: நான் சொல்ல வந்ததே அதுதான். உங்கள் ஒஃபிஸ் கழித்தது பழுது என்பதற்காக இல்லை, மைக்ரோசொஃப்ட் கோடு கீறிவிட்டது என்பதற்காக. அந்தக் கோடு லினக்ஸுக்கு இல்லை. ஆறாம், ஏழாம் தலைமுறை இப்போது கடைக்காரருக்குப் பாரம், விண்டோஸ் 11 கேட்டு வருகிறவர் அதைத் தொடமாட்டார், அதனால் விலையைப் பேசிக் குறைக்க இடமிருக்கிறது. கவினுக்கு எப்படியும் லினக்ஸ்தான் என்றால் எட்டாம் தலைமுறைக்கென்று கூட்டிக் கேட்கிற காசை நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

ஃபர்ஹானா: அது சரி, ஆனால் விண்டோஸ் மட்டும் காரணம் இல்லையே. ஏழாம் தலைமுறை ஐ5 லப்டொப்பில், அதாவது 7200யூ, 7300யூ மாதிரியானதில், இரண்டு கோர்தான், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்கிற பகுதி இரண்டு. எட்டாவதில் 8250யூ நாலு கோர். அது பெரிய தாவல். கவின் கம்பஸ் போனாலும் அதே லப்டொப்தானே?

பிரணவன்: மறுக்கவில்லை. வித்தியாசம் 10,000, 15,000க்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எட்டாவதை எடுங்கள். அதற்கு மேல் கேட்டால் ஏழாவதை எடுத்து, மிச்சக் காசில் ரேமை 16 ஆக்கி நல்ல எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போடுவது மேல். பைத்தன் படிக்கிற பிள்ளைக்கு நாலு கோர் தேவைப்படுகிற நாளை விட, பிரவுசரில் இருபது டேப் திறந்து ரேம் நிறைந்து நிற்கிற நாள்தான் அதிகம்.

மாலதி ரீச்சர், 1ஆம் மாடி: இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாளை காலை 9 மணியிலிருந்து மேல் தண்ணீர்த் தாங்கி கழுவுகிறார்கள். வாளிகளில் பிடித்து வையுங்கள்.

சுகந்தி: நன்றி ரீச்சர். தம்பி, எனக்கு இந்தத் தலைமுறை, கோர் ஒன்றும் விளங்காது. கடையில் எதைக் காட்டி எதைக் கேட்பது?

பிரணவன்: மாடல் பெயரையே எழுதித் தருகிறேன். திங்பேட் டி470, அது 2017 மாடல். டி480, அது 2018. அல்லது எச்பி எலைட்புக் 840 ஜி4, ஜி5. இந்த நாலிலும் ரேம் போட இரண்டு ஸ்லொட் இருக்கிறது, எட்டு ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டலாம். பெயரில் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். டி480எஸ் என்றால் மெல்லியது, ஒரு பங்கு ரேம் போர்டில் ஒட்டியிருக்கும், ஒரு ஸ்லொட்தான் மிச்சம். எக்ஸ்280, எக்ஸ்1 கார்பன் இரண்டும் பார்க்க வடிவு, ஆனால் ரேம் முழுக்க ஒட்டியது, 8 ஜிபியோடு வந்தால் ஆயுளுக்கும் 8தான்.

கவின்: அண்ணா, என்விடியா கார்ட் உள்ளது எடுத்தால் நல்லதில்லையா?

பிரணவன்: கேம் இல்லை என்று அம்மா சொன்னாரே தம்பி. லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸ் ஒன்றும் செய்யாமலே வேலை செய்யும், டிரைவர் லினக்ஸின் மையமான கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியாவுக்கு அந்தக் கம்பனியின் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், மின்ட் அதை லேசாக்கித் தந்திருந்தாலும் பட்டரியும் சூடும் உன் தலையில். வைஃபை கார்டும் இன்டெல்லாக இருந்தால் நிம்மதி. புரோட்கொம் என்றால் பல மாடல்களுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும், அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். போன் கேபிளைக் குத்தி சமாளிக்கலாம், ஆனால் காசு கொடுத்து வாங்கும்போது எதற்கு அந்த வில்லங்கம்?

நடராசா அங்கிள், 3ஆம் மாடி: தம்பி, நீர் சொல்லுகிறது எல்லாம் சரி. ஆனால் தமிழ்? என்னுடைய கொமியூனிகேஷன் கடைக்கு வருகிற கடிதம், கல்யாண அட்டை எல்லாம் பாமினியில்தான். உந்த லினக்ஸில் அது வருமோ?

பிரணவன்: பாமினி ஒரு எழுத்துரு மட்டும்தானே அங்கிள், கோப்பை எடுத்துப் போட்டால் வேர்ட் மாதிரியான லிப்ரே ஒஃபிஸில் பழைய கடிதங்கள் திறக்கும், அச்சும் போகும். புதிதாக அடிப்பதற்கு எந்தக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிகிற யுனிகோட்டுக்கு மாறுங்கள். தமிழ்99, டைப்ரைட்டர் முறை, எங்கள் நாட்டு ரெங்கநாதன் கீபோர்ட் எல்லாம் எம்17என் என்கிற தொகுப்பில் இருக்கின்றன, கீபோர்ட் முறையை மாற்றித் தருகிற ஐபஸ் வழியாகத் தெரிவு செய்தால் சரி.

நடராசா அங்கிள்: பிரின்டர் கனன் எல்பிபி 2900. கல்லு மாதிரி இருக்கிறது, அதை மாற்ற மாட்டேன்.

பிரணவன்: அங்கிள், லினக்ஸில் அது ஒன்றுதான் வம்பு. அந்தப் பிரின்டர் கப்ட் என்கிற கனனின் சொந்த முறையில் பேசுகிறது, டிரைவர் பழசு, போட்டு எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். கடையில் உழைக்கிற மெஷின், விண்டோஸோடு அப்படியே இருக்கட்டும். எச்பி பிரின்டர் என்றால் பெரும்பாலும் குத்தியவுடன் வேலை செய்யும்.

ஃபர்ஹானா: நடுநிலையான பதில். சந்தோஷம்.

சுகந்தி: சூம் வகுப்பு? ரியூசன் பாதி சூமில்தான்.

பிரணவன்: சூம் லினக்ஸுக்கென்றே தருகிறார்கள். டீம்ஸுக்குத் தனிச் செயலி இப்போது இல்லை, பிரவுசரில் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பும் பிரவுசரில். வேர்ட், எக்செல்லுக்கு லிப்ரே ஒஃபிஸ், சாதாரண வேலைக்குப் போதும், ஆனால் பவர்பொயின்டில் அலங்காரமாகச் செய்ததைத் திறந்தால் சில இடம் குழம்பும். அடொபி போட்டோஷொப் வராது. அவ்வளவுதான், மற்றதெல்லாம் பழக்கம்.

மாலதி ரீச்சர்: கடைக்காரர்களே விண்டோஸ் போட்டுத்தான் தருகிறார்களே, பிறகு ஏன் இந்தப் பாடு?

பிரணவன்: ரீச்சர், கடையில் போட்டுத் தருவதில் எத்தனை உண்மையான லைசன்ஸ் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். கள்ளமாகத் திறந்த விண்டோஸில் எவர் என்ன வைத்தார் என்று யாருக்குத் தெரியும், அதில் வங்கிக் கணக்கு திறக்க எனக்கு மனமில்லை. ஏழாம் தலைமுறையில் வருவது விண்டோஸ் 10, அதற்கு வழமையான பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிட்டது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தம் வரும்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நடராசா அங்கிள்: மன்னிக்கவும், பேத்தி அமத்திவிட்டாள்.

வெள்ளி இரவு

சுகந்தி: தம்பி, நாளைக்கு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போகலாம் என்றிருக்கிறோம். இணையத்திலும் பார்த்தேன், அதில் படம் ஒன்று, பொருள் வேறொன்று என்று தங்கச்சி பயமுறுத்துகிறா.

பிரணவன்: நேரில் பார்ப்பதுதான் சரி. கவின் என்னிடம் வந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டு போகட்டும், மின்ட் அதில் ஏற்றி வைத்திருக்கிறேன். இதுதான் முழு விஷயத்திலும் முக்கியம், கவனமாக வாசியுங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் பென் டிரைவைக் குத்தி லப்டொப்பை அதிலிருந்து இயக்க வேண்டும். லெனோவோ, டெல் என்றால் திறக்கும்போது எஃப்12, எச்பி என்றால் எஃப்9. அதில் பென் டிரைவைத் தெரிவு செய்தால் லினக்ஸ் பென் டிரைவிலிருந்தும் ரேமிலிருந்தும் ஓடும், உள்ளே இருக்கிற டிஸ்க்கை அது தொடாது. கடைக்காரர் தடுத்தால் வேறு கடைக்கு நடவுங்கள், ஒரு சண்டையும் வேண்டாம்.

கவின்: அதில் என்ன பார்க்க வேண்டும் அண்ணா?

பிரணவன்: முதலில் வைஃபை வருகிறதா, உன் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து ஒரு வீடியோ ஓட விடு, அதிலேயே ஸ்பீக்கரும் தெரிந்துவிடும். கமெரா. கீபோர்டில் எல்லா எழுத்தையும் ஒருமுறை அடி, ஜப்பானிலிருந்து வந்ததென்றால் எழுத்து இடம் மாறியிருக்கும், சில குறிகள் வேறு இடத்தில், பைத்தனுக்கு அடைப்புக்குறி தேடித் திரிவாய். மூடித் திறந்து தூங்கி எழும்புகிறதா என்று பார். ஸ்கிரீன் 1920க்கு 1080 ஆ என்று பார், டி470இல் மலிவாக 1366க்கு 768 உள்ளதும் வந்தது, பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் செத்துப்போயிருக்கும், அதை எடுக்காதே. விரல்ரேகை வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்.

பிரணவன்: பிறகு பயோஸ், லப்டொப் திறக்கும்போது முதலில் ஓடுகிற அடிப்படை அமைப்பு. திங்பேட்டில் எஃப்1. உள்ளே போகக் கடவுச்சொல் கேட்டால், விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். பழைய கம்பனி போட்ட சுப்பர்வைசர் கடவுச்சொல் அது, தெரியாவிட்டால் மெயின் போர்டை மாற்றுவதுதான் லெனோவோ சொல்கிற வழி. கடைக்காரர் "அது ஒன்றும் இல்லை, பிறகு எடுத்துத் தருகிறோம்" என்பார்.

ஃபர்ஹானா: பட்டரியை மறந்துவிட்டீர்கள்.

பிரணவன்: எழுதிக்கொண்டிருக்கிறேன். டி470, டி480 இரண்டிலும் இரண்டு பட்டரி. உள்ளே ஒன்று, பின்னால் கழற்றுகிறது ஒன்று. பின்னால் உள்ளது செத்திருந்தால் கவலை இல்லை, லப்டொப்பைத் திறக்காமலே வேறொன்று வாங்கிப் பொருத்தலாம். உள்ளே உள்ளது வீங்கியிருந்தால் டச்பேட் பக்கம் மேலே தள்ளும், விரலால் தடவிப் பாருங்கள். மின்ட்டில் கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து upower என்பதற்கான கட்டளையை அடித்தால் புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண் காட்டும். கட்டளையைக் கவினுக்குத் தனியாக அனுப்பினேன். பாதிக்குக் கீழே என்றால் விலையில் கழியுங்கள்.

பிரணவன்: டி480 என்றால் இன்னொன்று. அது சார்ஜ் ஆவது யூஎஸ்பி சி வழியாக மட்டும்தான். அந்தக் காலத்துத் திங்பேட்களில் யூஎஸ்பி சி வடிவிலான தண்டர்போல்ட் போர்ட்டை இயக்குகிற ஃபர்ம்வெயரில் பிழை இருந்தது, திருத்தம் போடாமல் விட்டவற்றில் அந்தப் போர்ட் செத்துப்போகலாம். லெனோவோ திருத்தம் விட்டது, முன்பு பாவித்தவர் போட்டாரோ தெரியாது. அதனால் இரண்டு போர்ட்டிலும் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். டி470இல் பழைய நீள்சதுரச் சார்ஜர் வழியும் இருக்கிறது.

சனி மதியம்

கவின்: அண்ணா முதல் கடையில் டி480, 92 ஆயிரம் கேட்டார். பயோஸ் கடவுச்சொல் கேட்டது. வெளியே வந்துவிட்டோம்.

பிரணவன்: கெட்டிக்காரன்.

கவின்: இப்போது வேறு கடை. டி470, ஐ5-7300யூ, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, ஸ்கிரீன் 1920. 68 சொல்கிறார். மின்ட் வந்தது, வைஃபை இன்டெல், கமெரா சரி. பின் பட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேல், உள்ளே உள்ளது நல்லம். கீபோர்ட்டில் வலது பக்க ஷிஃப்ட் கொஞ்சம் இறுக்கம்.

ஃபர்ஹானா: அதே கடையில் எட்டாம் தலைமுறை இருக்கிறதா என்று கேள்.

கவின்: எலைட்புக் 840 ஜி5 இருக்கிறது. 88.

ஃபர்ஹானா: இருபதாயிரம் வித்தியாசம். சரி, டி470ஐயே எடுங்கள், நான் விட்டுக்கொடுக்கிறேன்.

பிரணவன்: ஷிஃப்டைக் காட்டி 63க்குக் கேளுங்கள் அக்கா. ரேம் ஸ்லொட் ஒன்று காலியா என்று கவின் பார்க்கட்டும், 8 ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு 8 போட்டால் போதும். இரண்டு நாலாக இருந்தால் ஒன்றை வீணாக்க வேண்டி வரும், அதையும் சொல்லிக் குறையுங்கள்.

சுகந்தி: ஒரு குச்சிதானாம். 65க்கு இறங்கினார். மூன்று மாத உத்தரவாதம், பில்லில் எழுதித் தரச் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு எழுதினார். சீரியல் நம்பரும் போடச் சொன்னேன்.

நடராசா அங்கிள்: பிள்ளை கெட்டித்தனமாகப் பேசியிருக்கிறா.

பிரணவன்: நல்ல விலை அக்கா. சார்ஜர் 65 வாட்டா, 45ஆ?

கவின்: 65. அண்ணா, இரவுக்கு வந்தால் மின்ட்டை முழுதாகப் போட்டுத் தருவீர்களா?

பிரணவன்: நீயே போடு, நான் பக்கத்தில் இருக்கிறேன். எட்டு மணிக்கு மேலே வா. கடைக்காரர் போட்டு வைத்த விண்டோஸ் முழுக்க அழியும், அம்மாவிடம் இப்போதே சொல்லி வை, பிறகு என்னிடம் வரக் கூடாது.

நடராசா அங்கிள்: தம்பி, வீட்டில் மகன் விட்டுப்போன பழைய லட்டிடியூட் ஒன்று இருக்கிறது. ஆறாம் தலைமுறை என்று ஒட்டியிருக்கிறது. ஞாயிறு கடை பூட்டு, அந்தப் பென் டிரைவைக் கொண்டு வாரும். பிரின்டரைப் பற்றிக் கதைக்க மாட்டேன்.