ஸ்லீப் லேபில் ஏஐ: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனை செய்யும் ஸ்லீப் டெக்னீஷியன். நோயாளியின் தலை, தாடை, கால் எல்லாம் ஒயர் ஒட்டி, மூக்கில் குழாய் மாட்டி, விடிய விடிய திரையைப் பார்ப்போம். அப்புறம்தான் ஸ்கோரிங். முழு இரவையும் 30 விநாடித் துண்டுகளாக்கி ஒவ்வொன்றும் விழிப்பா, லேசான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, கனவு அதிகம் வரும் ரெம் தூக்கமா என்று குறிக்கணும். எட்டு மணி நேரப் பதிவு என்றால் 960 துண்டுகள், அதோடு மூச்சு நின்ற இடம், ஆக்சிஜன் இறங்கிய இடம், கால் உதறிய இடம். மணிக்கணக்கில் இழுக்கும் இந்த வேலையை எங்கள் ஏஐ மென்பொருள் சில நிமிடங்களில் முடிக்கிறது. வழக்கமான குறட்டை, மூச்சுத்தடை கேஸ்களில் நன்றாகவே செய்கிறது. மனிதர்கள் குறித்தால் மட்டும் எல்லாம் ஒத்துப்போகிறதா? அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் தரச்சோதனைத் தரவை வைத்து 2013-ல் வந்த ஆய்வில் ஸ்கோர் செய்தவர்களிடையே ஒற்றுமை மொத்தத்தில் 83 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, லேசான தூக்கமான என்1 கட்டத்தில் வெறும் 63.

ஆனால் ஒரு கேஸ் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அறுபதைத் தாண்டிய ஒருவர் குறட்டைக்காக வந்தார். கூட வந்த மனைவி, "தூக்கத்துல கையை வீசுறார், கத்துறார், எழுப்பினா யாரோ துரத்துற மாதிரி கனவுங்கிறார்" என்று சொன்னதை நான் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். காலையில் மென்பொருள் தந்த அறிக்கையில் ரெம் தூக்கம் மிகக் குறைவு, விடியற்காலையில் நீண்ட நேரம் 'விழிப்பு'. அந்தப் பகுதியைத் திறந்து வீடியோவோடு பார்த்தேன், ஆள் விழித்திருக்கவே இல்லை. கண் அசைவும் மூளை அலையும் ரெம்மைத்தான் காட்டின. ரெம்மில் உடம்புத் தசைகள் தளர்ந்து தாடை சிக்னல் அடங்கணும், இவருக்கு அது அடங்கவே இல்லை, அதனால்தான் மென்பொருள் விழிப்பு என்று எடுத்துக்கொண்டது. டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி ஸ்கோர் செய்து, ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று உறுதி செய்து நரம்பியலுக்கு அனுப்பினார். இது பின்னால் வரக்கூடிய பார்கின்சனுக்கு முன்னறிகுறியாக இருக்கலாம், அதனால் தவறவிடவே கூடாத நோய். மனைவி சொன்ன அந்த ஒரு வரி இல்லையென்றால் சாதாரணத் தூக்கக் குறைவு என்றே போயிருக்கும்.

எந்த மாதிரி நோயாளிகளுக்காக உருவாக்கிய மென்பொருள் என்பதை நிறுவனங்கள் வெளியே சொல்லணும், தனித் தரவில் சோதித்துப் பார்க்கணும் என்று அதே அகாடமி 2020-லேயே கேட்டுவிட்டது. விற்க வருபவர்களிடம் நாமும் அதை விடாமல் கேட்கணும்.

பதில் 1

எங்கள் அப்பா கதை வேறு. ஸ்மார்ட் வாட்ச் எச்சரிக்கை எதுவும் தரவில்லை, "அப்போ எனக்கு ஒண்ணுமில்ல" என்று டெஸ்டுக்கே வர மறுத்தார். பகலில் நாளிதழைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவார், பிபி மாத்திரை போட்டும் இறங்காது. கெஞ்சிக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்தால் தீவிர மூச்சுத்தடை. இப்போது தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி போடுகிறார், பகல் தூக்கம் போய்விட்டது.

பதில் 2 (முதலில் எழுதியவர்)

இதை எல்லோரும் படிக்கணும். ஆப்பிள் வாட்சின் மூச்சுத்தடை எச்சரிக்கைக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நிறுவனத்தின் சோதனையிலேயே, மிதமான அல்லது தீவிர மூச்சுத்தடை உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரைத்தான் அது பிடித்தது. எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் உண்மை, கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். வரவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். பகல் தூக்கம், அடங்காத பிபி, பக்கத்தில் படுப்பவர் மூச்சு நிற்பதாகச் சொல்வது, இதில் ஏதாவது இருந்தால் டெஸ்ட் எடுங்கள். வரும்போது அந்தப் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டி வாருங்கள்.