மன்மோகன் சிங்கும் ப. சிதம்பரமும்: துணிந்தவர் யார்?

காரைக்குடி வாசகர்: 1991-இல் நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங், அப்போது வணிகத்துறையைக் கவனித்துப் பின்னர் நிதிக்கு வந்த நம் கண்டனூர்க்காரர் சிதம்பரம், இவ்விருவரில் துணிந்து முடிவெடுத்தவர் யார்?

தேவகோட்டை வாசகர்: ஐயா, மன்மோகன்தான். அந்நியச் செலாவணி சில வாரங்களுக்கே தாங்கும் என்ற நிலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்.

பள்ளத்தூர் வாசகர்: அது நெருக்கடி தள்ளிய முடிவு. அத்தகைய நெருக்கடி இல்லாத 1997-இல், பல கட்சிகள் சேர்ந்த அரசில் தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) சார்பில் அமர்ந்துகொண்டு, தனிநபர் வருமான வரியை 10, 20, 30 விழுக்காடு என்று சிதம்பரம் குறைத்தாரே. எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை அரைத்தாளில் வரியைப் போட்டு முடித்துவிட்டார்.

காரைக்குடி வாசகர்: 1999 மக்களவைத் தேர்தலில் தெற்கு தில்லியில் மன்மோகனும் சிவகங்கையில் சிதம்பரமும் தோற்றார்கள், மன்மோகன் மாநிலங்களவையோடு நிறுத்திக்கொள்ள, சிதம்பரம் 2004-இல் சிவகங்கையிலேயே மீண்டும் நின்று வென்றார். எனக்கு அதுவே பெரிய துணிச்சலாகப் படுகிறது.